சல்லிக் கரையில் எடுத்த படம்

4 செப்டெம்பர் 2005, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கமலாதேவி வேலிக்கு மேலால் எட்டி, "அக்கா, சின்னவளுக்குச் சிரங்கு. கொஞ்சம் வேப்பெண்ணெய் இருக்கோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்த வீட்டுக்குள் வேப்பெண்ணெய் நுழையாது. கடற்கரை ஊரான சல்லியை விட்டு இந்த லிங்கநகருக்குக் குடிவந்த கிழமையே, நான் வாங்கிவைத்த போத்தலை இவர் கொண்டுபோய் வளவுக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டார். மணம் ஒத்துவரவில்லையாம். பிறந்ததிலிருந்து மீனோடும் கருவாட்டோடும் கிடந்த மனிதருக்கு! கேட்கிறவள் கேணைச்சி என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும்.

9 செப்டெம்பர், வெள்ளி

அருளம்பலம் வந்தார். சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் உடம்பு வைத்த ஒரே மனிதர். எந்த வெள்ளைக்காரர் வந்தாலும் ஜீப்பில் முன்சீற்றில் இவர்தான் இருப்பார். இந்தமுறை வெளிநாட்டுச் சினிமாக் கொம்பனி. சல்லியில் படம் எடுக்கப்போகிறார்கள், கடல் வந்த கதை.

"உங்கட கதை உலகத்துக்குத் தெரியவேணும், தங்கச்சி."

"உலகத்துக்குத் தெரிஞ்சு எனக்கென்ன?" என்றேன்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "இப்பிடித்தான் எடுப்பினம், போட்டுப் பாருங்கோ" என்று ஒரு படத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

11 செப்டெம்பர், ஞாயிறு

பின்னேரம் கமலாதேவி வீட்டில் அந்தப் படம் பார்த்தோம். எந்த ஊரோ தெரியாது. ஒரு விஞ்ஞானி முதலே சொல்கிறார், ஒருவரும் நம்பவில்லை. பிறகு மாடிகளை விட உயரமாய் ஓர் அலை. சாகிறவர்களுக்கு முகமே இல்லை. பிழைத்தவர்களுக்குத் தலைமயிர்கூடக் கலையவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரு மேட்டில் நின்று சூரியனைப் பார்க்கிறார்கள், பாட்டு வருகிறது.

நாங்கள் சூரியனைப் பார்க்கவில்லை. அகதிகளாய் இருந்த பள்ளிக்கூடத்தில் கக்கூசுக்கு வரிசையில் நின்று சண்டை பிடித்தோம். பால்மா பெட்டிக்கு எங்கள் ஊர் நல்லம்மா என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அதற்கு யார் பாட்டுப் போடுவது?

அலை வந்ததும் இவர் எழும்பிப் போய்விட்டார்.

14 செப்டெம்பர், புதன்

சினிமாக்காரருக்கு மொழிபெயர்க்கிற பிள்ளை வந்தாள். பெயர் லைலா, ஊர் குறிஞ்சாக்கேணி. நல்ல பிள்ளைபோலத்தான் இருக்கிறாள். நல்ல பிள்ளைபோல இருக்கிறவர்களிடம்தான் கவனம் வேண்டும். படத்தின் கதையைச் சொன்னாள். ஒரு மீனவக் குடும்பம். தாய் கோவிலுக்குப் போயிருக்க, தகப்பன் குடித்துவிட்டு வள்ளத்துக்குள் படுத்திருக்கிறான். மகளைக் கடல் கொண்டுபோகிறது.

"எங்கட கரையில நேவி காவலுக்கு நிண்ட சென்றி இருந்ததே, அது எங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் படத்துல வராது அக்கா. சனம் குழம்பிப்போகும் என்டு சொல்றாங்க."

அப்போதுதான் இவர் வாய் திறந்தார். "குடிச்சிட்டுக் கிடந்தவன் எண்டு ஆர் சொன்னது? மீன்பிடிக்கிறவன் எண்டால் குடிகாரனோ?" லைலா பயந்துபோய் எழும்பினாள். இவரும் அவளோடு ஒழுங்கை முகப்புவரை கதைத்துக்கொண்டே போனார். திரும்பி வர நேரமானது. என்னோடு ஒரு கிழமையில் கதைக்கிறதை அந்தப் பிள்ளையோடு ஒரே மூச்சில் கதைத்திருப்பார். அப்படி என்ன கதை?

18 செப்டெம்பர், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாமல் நெஞ்சுக்குள் வைத்திருக்க ஏலாது.

கடல் வந்த அன்று திருவாதிரை. மகள் துசாவுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. நான் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து, கழுத்து, கை, கால் எல்லாம் பூசிவிட்டு, "அப்பாவோட போய் இளவெயிலில இரு, வந்து முழுகவாக்கிறன்" என்று கரைக்கு அனுப்பினேன். பிறகு டவுனுக்கு வந்து மலையேறிக் கோணேசர் கோவிலுக்குப் போனேன். மேலே நின்றபடியால் தப்பினேன்.

இவரைப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் கண்டேன். "பிள்ளை எங்கை?" என்று கத்தினேன். "நான் காணேல்லை. தண்ணி வரேக்க அவள் என்னோட நிக்கேல்லை" என்றார். ஆனால் துசாவை அடக்கம் செய்த நாளில் நல்லம்மா என் காதுக்குள் சொன்னாள்: "பிள்ளை தேப்பனோடதான் நிண்டவள். நான் கண்டனான்."

நல்லம்மா பால்மாவுக்கு மயிர் பிடிப்பாள், பொய் சொல்லமாட்டாள். அப்படியென்றால் இவர் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினாரா? ஒரு சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு இதைக் கேட்காமல் இருக்கிறேன். கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

22 செப்டெம்பர், வியாழன்

இவர் படத்தில் நடிக்கப்போகிறாராம்! தகப்பனாய்!! குடிகாரன் கதையை மாற்றிவிட்டார்களாம். "நான் நிக்காட்டி பிழையாக் காட்டிப்போடுவினம்" என்கிறார். சரி, நானும் வந்து பார்க்கிறேன் என்றேன்.

"நீர் வரக்கூடாது."

ஏன் வரக்கூடாது? எனக்குச் சொல்லாத எதை அந்தக் கமெராவுக்குச் சொல்லப்போகிறீர்கள்?

25 செப்டெம்பர், ஞாயிறு

ஏன் வரக்கூடாது என்று கேட்டேன். போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

2 ஒக்டோபர், ஞாயிறு

போனேன். அவருக்குச் சொல்லாமல் போனேன்.

செக்பொயின்றில் எல்லோரையும் இறக்கி ஏற்றி, சல்லிக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. கரையில் புதுக் கொட்டில்கள், புது வள்ளங்கள், எல்லாம் படத்துக்காகக் கட்டியவை. எங்களுக்கு வீடு கட்ட வருடம் பிடிக்கிறது. இவர்களுக்கு உடைக்கிறதற்கு ஒரு கிழமையில் ஊர் கட்ட முடிகிறது. நேவி சென்றியைக் கிடுகால் மறைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானாக நடிக்க வந்தவள் குடைக்குக் கீழே கதிரையில் இருந்தாள், தலை நிறைய மல்லிகைப்பூ. நான் எந்தக் காலத்தில் அவ்வளவு பூ வைத்தேன்?

கடல் தூங்குகிற மாதிரிக் கிடந்தது. அலையைப் பிறகு கொம்பியூட்டரில் போடுவார்களாம். இவர் கரையோரம் நின்றார், தலையில் துவாய் கட்டிக்கொண்டு. பக்கத்தில் துசாவின் வயதில் ஒரு பிள்ளை, கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. ஒரு பெட்டை வந்து போத்தலைக் கவிழ்த்து அந்தப் பிள்ளையின் கையிலும் கழுத்திலும் எதையோ பூசினாள். மஞ்சள் நிறம். வெயிலுக்குப் பளபளக்கப் பூசுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

காற்று என் பக்கம் திரும்பியது. வேப்பெண்ணெய்.

மணமே வராத படத்துக்கு எதற்கு வேப்பெண்ணெய்?

லைலா என்னைக் கண்டு ஓடிவந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "அக்கா, நீங்க ஏன் வந்தீங்க? உங்களுக்குத் தெரியக்கூடாது என்டு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்."

"என்ன தெரியக்கூடாது? சொல்லு பிள்ளை."

அழுதுகொண்டு சொன்னாள். "அண்ணன் பிள்ளைய விடல்ல அக்கா. தண்ணி கொண்டுபோகக்குள்ள ஒரு கையால தென்னையப் பிடிச்சு, மத்தக் கையால பிள்ளைட கையத்தான் பிடிச்சிருந்தாரு. எண்ணெய்ல வழுக்கிட்டு. குடிகாரன் கதைய மாத்தத்தான் உண்மையச் சொன்னவர். எண்ணெய மட்டும் படத்துல போடவேணாம் என்டு கெஞ்சினவர். டைரக்டர் கேக்கல்ல."

என்ர கை. என்ர கையால குழைச்ச எண்ணெய். ஐயோ, நான்தானே பூசினனான், விரல் இடுக்கு மிச்சம் வைக்காமல் பூசினனானே—

மணலில் இருந்துவிட்டேன். அப்போதுதான் இவர் என்னைக் கண்டார்.

டைரக்டர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். இவர் கேட்கவில்லை. தலைத் துவாயை அவிழ்த்து அந்தப் பிள்ளையின் கையைத் துடைத்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு, பிறகு ஒவ்வொரு விரலாக. காய்ந்த மணலை அள்ளித் தன் உள்ளங்கையில் தேய்த்தார். வலைக்கயிறு வழுக்கினால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். பிறகு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். கமெரா ஓடியது. பிள்ளையின் கையை விடச் சொல்லிக் கத்தினார்கள், லைலாவையும் கத்தச் சொன்னார்கள். அவர் விடவில்லை. திருப்பி எடுத்தார்கள். திரும்பவும் விடவில்லை. கடைசியில் பிள்ளையைக் கரைக்குத் தூக்கிவந்து அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, நனைந்த சாரத்தோடு என்னிடம் வந்தார். டைரக்டர் தொப்பியைக் கழற்றி மணலில் எறிந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "நீங்கள் விட்டிட்டு ஓடினனீங்கள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் வாழ்நாள் முழுக்க உம்மட கையைப் பாத்துக்கொண்டிருப்பீர். என்னைச் சந்தேகப்படுறது அதைவிடப் பரவாயில்லை."

பஸ் வந்தது. சனம் நிறைய. எனக்கு ஒரு சீற் பிடித்துத் தந்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார்.

3 ஒக்டோபர், திங்கள்

தைக்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் சொன்னபடியே. இவ்வளவு காலமும் மனதுக்குள் குற்றம் சொல்லிச் சொல்லி அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

17 ஒக்டோபர், திங்கள்

இவருடைய இடத்துக்கு அருளம்பலம் வேறொருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டாராம். படத்தில் கை வழுக்குகிறதாம். நல்லாய் வந்திருக்கிறதாம். வழுக்கட்டும்.

26 டிசெம்பர், திங்கள்

டவுனில் ஆமியின் சுற்றிவளைப்பு. பஸ் இல்லை. ஆண்டுத் திவசமும் அதுவுமாய்ச் சல்லிக்குப் போக முடியவில்லை. துசாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிப் படைத்தோம்.

பத்து மணிபோல் கமலாதேவி சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திரும்பவும் சிரங்கு, பிள்ளை சொறிந்து சொறிந்து அழுகிறது. போன கிழமை நான் வேப்பெண்ணெய் வாங்கி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. எடுத்து மஞ்சள் குழைத்தேன். கால் பூசினேன், கழுத்துப் பூசினேன். கைக்கு வந்ததும் என் விரல்கள் நின்றுவிட்டன. அதற்குமேல் ஏலவில்லை.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போத்தலைப் பறிப்பார் என்று நினைத்தேன். வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இஞ்ச கொண்டாரும்" என்று கிண்ணத்தை வாங்கினார். "கையை நான் பூசுறன்."