அன்றைக்கு என் பாடு

இன்று காலை புது மடிக்கணினியில், நிரல் எழுத நாம் அப்போது பயன்படுத்திய அந்த எடிட்டரை ஏற்றினேன். ஒரே ஒரு வரி தட்டினேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் ஏறி முடித்துத் திரையில் கர்சரைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. கை பழக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினேன். எதைத் தேட வேண்டும் என்று கீழே மரியாதையாகக் கேட்டது. அவ்வளவுதான். உறைந்து போகவில்லை, அடம் பிடிக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

இத்தனை சுலபமாக வேலை முடிகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள்மேல் கொஞ்சம் எரிச்சல். மிச்சமெல்லாம் உன்மேல்தான். செத்தவள்மேல் போய்ப் பொறாமைப்படுவார்களா என்று கேட்காதே. உயிரோடு இருந்தபோது பட்டதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறாய்?

நாம் ஒரே குப்பத்துப் பெண்கள். பழவேற்காட்டு ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை விடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை பிரிப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அன்றைய பாடு யாருடையதோ, அன்று விழும் மீனும் இறாலும் அவருடையது. கூட நின்று வலை இழுத்தவருக்குக் கூலிப் பங்கு உண்டு, பெயர் கிடையாது. என் நைனாவுக்குப் பாடு இருந்தது. உன் நைனா ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவர். நம் குப்பத்தில் அவருக்குப் பாடு கிடையாது. என் நைனாவின் வலையைத்தான் இழுத்தார்.

நியாயப்படி பார்த்தால் நீதான் என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்க வேண்டும். எரிந்தது என் வயிறு. பள்ளிக்கூடத்தில் நீ முதல், நான் அடுத்து. பொன்னேரியில் கல்லூரி சேர்ந்தோம், அங்கேயும் அதே. ஆடி மாதத் திருவிழாவுக்கு இருவருக்கும் ஒரே துணியில் பாவாடை தைத்தார்கள். என் அம்மா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள், "அந்தப் பொண்ணுக்கு இன்னா எடுப்பா கீது பாரு" என்று. பெற்றவள் வாயால் கேட்டேன்.

எண்பதுகளின் நடுவில் சென்னையில் ஒரு கணினி மையத்தில் இருவருக்கும் பயிற்சிப் பணி கிடைத்தது. பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழைய வேண்டிய குளிர் அறை. அதற்கு அடுத்த அறையில் சாப்பாடு. முதல் நாள் நீ இறால் தொக்கு டப்பாவைத் திறந்ததும் வரிசையாக எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். நான் என் டப்பாவைப் பைக்குள்ளேயே தள்ளினேன். நீ டப்பாவை அவர்கள் பக்கம் நீட்டினாய். "சாப்ட்டுப் பாத்துட்டு மூக்கப் புடிங்க" என்றாய். அந்த வாரமே பாதிப் பேர் உன் டப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். என் டப்பாவிலும் அதே ஏரி இறால்தான். ஒருவரும் கேட்கவில்லை.

மையத்துத் தலைவர் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் நிரந்தர இடம் ஒன்றுதான் இருந்தது, நாம் இரண்டு பேர். அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து பெரிய வட்ட டேப்பில் இந்த எடிட்டர் வந்தது. அதுவரை நம்மிடம் இருந்தது ஒரு நேரத்துக்கு ஒரு வரியைக் காட்டும். இது திரை முழுக்கக் காட்டியது. அதற்கென்று தனி மொழியும் இருந்தது. அதில் எழுதிச் சொன்னால், எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதையே மாற்றிக்கொள்ளலாம். தலைவர் நம்மைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இத ஏத்தி, மையத்துல எல்லாரும் பயன்படுத்துற மாதிரி யார் செட் பண்ணித் தர்றீங்களோ, அந்த நிரந்தர இடத்துக்கு அவங்க பேரை மேல எழுதிடறேன்மா."

எனக்கு அந்த இடம் எதற்கு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்காமலே காட்டூரில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள். நிரந்தர வேலை என்று ஒரு காகிதம் காட்டினால்தான் அந்தப் பேச்சை நிறுத்துவார்கள். உனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று எனக்கும் தெரியும். உன் நைனா இடுப்பொடிந்து படுத்திருந்தார், வீடு உன்னை நம்பியிருந்தது.

இந்த வேலைக்கென்று ஒதுக்கியது, திரையும் விசைப்பலகையுமாக ஒரே ஒரு டெர்மினல். அதன் முன்னால் யார் உட்காருவது என்று முதல் நாளே நமக்குள் முட்டிக்கொண்டது. நீதான் வழி சொன்னாய்: "அடிச்சிக்க வேணாண்டி. பாடு போட்டுக்கலாம்." மையத்தைப் பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னோம். ஒருநாள் உனக்கு, ஒருநாள் எனக்கு. ஒருத்தி நாளில் இன்னொருத்தி பக்கத்து ஸ்டூலில் உட்காரலாம், வாயைத் திறக்கலாம், விசைப்பலகையில் கை வைக்கக் கூடாது.

ஏற்றுகிற கஷ்டமெல்லாம் பார்த்துவைத்ததுபோல் என் நாட்களில் வந்து விழுந்தது. டேப் பாதியில் படிக்க மறுத்தது. இயந்திரத்தின் வட்டில் இடம் போதவில்லை. ஒவ்வொருவரிடமும் போய்ப் பழைய கோப்புகளை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நம் இயந்திரத்துக்கு ஏற்றபடி மூலநிரலில் இங்கே திருத்தி, அங்கே திருத்தி, மறுபடி முதலிலிருந்து கம்பைல் செய்தேன். உன் நாள் வந்தபோது அது எழுந்து உட்கார்ந்திருந்தது. நீ சாவகாசமாக அமைப்புக் கோப்பில் அடைப்புக்குறிகளாக அடுக்கி, ஒரு விசையைத் தட்டினால் ஒவ்வொரு நிரலுக்கும் மேலே எழுத வேண்டிய மையத்தின் தலைப்பு முழுவதும் தானாக விழும்படி செய்தாய். கூட்டம் கூடிவிட்டது. "எப்படிம்மா இது" என்று ஆளுக்கொரு கேள்வி. வட்டில் இடம் எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டார்களா? எனக்கு உன்னை அந்த நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்கலாம் போலிருந்தது.

ஒரே ஒரு கோளாறு மட்டும் தீரவில்லை. தேடுவதற்கு கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தினால் திரை அப்படியே உறைந்துவிடும். இயந்திரமே நின்றுவிட்டது என்று நினைத்து டெர்மினலை அணைத்துப் போடுவோம். எடிட்டரை நான் தப்பாக ஏற்றிவிட்டேன் என்று அறையில் முணுமுணுத்தார்கள். அது சரியாகாமல் தலைவரிடம் காட்ட முடியாது.

அன்றைக்கு என் பாடு. நான் அழுத்துவதும் உறைவதுமாக இருந்தேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் அடுத்த டெர்மினலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே ஒருவர் நீளமான பட்டியல் ஒன்றை ஓடவிட்டு, வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி, படித்துவிட்டு மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏய், அவரு நிறுத்த இன்னா அழுத்துறாரு பாரு" என்றாய்.

கன்ட்ரோலும் எஸ்ஸும். அது நில் என்ற கட்டளை. எடிட்டர் கைக்குப் போகுமுன்பே டெர்மினல் அதை வழியில் பிடித்துக்கொண்டு திரையை நிறுத்திவிடுகிறது. எதுவும் கெடவில்லை, நாம் சொன்னபடி காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. தேடலை வேறு விசைக்கு மாற்றும் வரியை நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வேலை செய்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. தினமும் என் கண்ணெதிரே நடந்ததை நீ பார்த்துவிட்டாய், நான் பார்க்கவில்லை.

தலைவர் வந்து உட்கார்ந்து, தேடிப் பார்த்து, தலையாட்டினார். "இந்தக் கோளாறைப் பிடிச்சது யாரும்மா?"

"இவதான் சார்" என்றேன். அவ்வளவு பொறாமையிலும் அதை நான்தான் முதலில் சொன்னேன், மறந்துவிடாதே.

நீ எழுந்து நின்றாய். "இல்ல சார். இன்னிக்கு அவ பாடு. இன்னிக்கு வுழுந்தது அவளுது." பாடு என்றால் என்ன என்று அவருக்கு நிதானமாக விளக்கவும் செய்தாய். நான் குறுக்கே பேசினேன். நீ என் காலை மிதித்தாய். ஏற்றியதும் அவள், பிடித்ததும் அவள் என்று அவர் என் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

ரயிலில் நான் கத்தினேன். "உன்ன யாருடி பிச்சை கேட்டது?"

"கம்னு கெட. பிச்சை இன்னா பிச்சை, முறைடி அது."

"உன் வூட்டுக்கு இன்னாடி பண்ணுவ?"

"எங்க நைனா உங்க நைனாவுக்கு அத்தினி வருசம் இழுத்தாரே, மீன்ல பேரு எழுதுன்னு ஒருநாள் கேட்டாரா? உம் பாட்டுல நான் இழுத்தேன். அவ்ளோதான்."

அதில் பெருந்தன்மை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மீஞ்சூரில் வண்டி நின்றது. நீ வேர்க்கடலை வாங்கித் தின்றாய், எனக்கும் கொடுத்தாய்.

காட்டூர்ப் பேச்சு நின்றுபோனது. ஓய்வு பெறும்வரை அதே மையத்தில் இருந்தேன். உன்னை அந்த வருடமே பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் கொத்திக்கொண்டு போனார்கள். நைனாவை அங்கேயே கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தாய், என்னைவிடப் பெரிய வேலைகள் பார்த்தாய். ஊருக்கு வரும்போதெல்லாம் என் அம்மா உனக்குத்தான் நண்டு சமைத்தாள்.

நீ போன செய்தி கேட்டு பெங்களூர் வந்தேன். கூடம் நிறைய உன்னோடு வேலை பார்த்தவர்கள், ஆளாளுக்கு உன்னைப் பற்றி ஒரு கதை. எனக்குத் தெரியாத உன்னை அத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவர்மேலும் எரிச்சல்பட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். உன் மகள் வந்து என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, அந்த எடிட்டரை ஏத்தினதும், அந்தக் கோளாறைக் கண்டுபிடிச்சதும் நீங்கதானே? எங்கம்மா வேலைக்குப் புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்வாங்க."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த டெர்மினலை, உறைந்த திரையை, நீ சொல்ல நான் தட்டியதை. "கண்டுபிடிச்சது உங்கம்மாதான்" என்று சத்தியம் செய்யாத குறை. முழுக்கக் கேட்டாள். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பரவால்ல ஆன்ட்டி. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

உன் வீட்டில், உன்னைப் பற்றி, நான் சொன்ன நிஜம் எடுபடவில்லை. செத்த பிறகும் உன் பேச்சுதான் நிற்கிறது. பொறாமையாக இருக்கிறதடி. தீர வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை. இதுவும் தீர்ந்துவிட்டால் அப்புறம் நான் யாரோடு மல்லுக்கு நிற்பது?