வெள்ளைப்பூ பேருக்கு வந்த பொய் நோட்டீஸ்

தாண்டிக்குடி,
கார்த்திகை 12

அன்பு மகன் ஜெயமுருகனுக்கு அம்மா கந்தம்மாள் எழுதுவது. நான் நடமாட்டத்தோட இருக்கேன், மழை விட்டு ரெண்டு நாளாச்சு, காப்பிப் பழம் செவக்குது. மஸ்கட்டுல நீயும் மருமகளும் பேத்தி ஸ்வேதாவும் ஒரு கொறையும் இல்லாம இருக்க பழனியாண்டவர்தான் பாத்துக்கணும். போன்ல சொன்னா நீ குறுக்க பேசுவ, எனக்கும் வாய் வராது, அதான் எழுத்துக் கூட்டி எழுதுறேன், கோவப்படாம கடைசிவரை படிய்யா.

நம்ம வெள்ளைப்பூ காப்பித்தூள் பேரை ஒங்க சித்தப்பன் மகன் திருமலைச்சாமி திருடப் பாக்குறான்னு போன மாசம் ஒங்கிட்ட சொன்னேன்ல, அது பொய். கடை போனுக்கு ஒரு மெயில் வந்துச்சு, பாக்கெட் போடுற சுகன்யா படிச்சுக் காட்டுச்சு. சிங்க முத்திரையெல்லாம் போட்டு, உங்க டிரேட்மார்க்கை உங்க ஊர்க்காரர் ஒருத்தர் கேக்குறாரு, மூணு நாளைக்குள்ள பணம் கட்டித் தடுக்கலைன்னா பேரு அவருக்குப் போயிரும்னு இருந்துச்சு. அதுல ஆளு பேரே இல்ல. பேரைச் சேத்தது நான்தான். ஒங்க சித்தப்பன் எல்லைக்கல்லை நகட்டுனது நீ பொறந்த வருசம், ஐப்பசி, செவ்வாக்கெழமை, அந்தாளு பெத்தது வேற எப்படி இருக்கும்னு நெனச்சுட்டேன். மஸ்கட் மாமாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் பாட்டின்னு சொன்ன சுகன்யாவையும் வஞ்சு, பணத்தைக் கட்டிட்டுத்தான் ஒங்கிட்ட பேசினேன். மறுநாள் ஜீப் நிக்கிற எடத்துல அத்தனை பேரு முன்னாடி திருட்டுப்பய மகனேன்னு அவனைக் கேட்டேன். பெரியம்மா, எனக்குக் காப்பி ஆத்தவே தெரியாது, பேரை வச்சு என்ன பண்ணப் போறேன்னு சிரிச்சான். நான் நிறுத்தலை. கூட நின்ன அவன் மக புவனாவுக்கு மொகம் சுண்டிப் போச்சு. நீயும் எம்பேச்சைக் கேட்டு, இனி நமக்குள்ள அண்ணன் தம்பி இல்லைன்னு அவனுக்குப் போன் போட்டுட்ட.

அதுக்கப்புறமும் அந்த மெயிலை மதுரைக்கு நம்ம வக்கீல்ட்ட கொண்டுபோனது அவன்தான்யா. பதிவான பேரை டிரேட்மார்க் ஆபீஸ்ல எல்லாரும் பாக்க வெளியிடுவாங்களாம், அதைப் பாத்து மோசடிக்காரங்க இப்படி அனுப்புறாங்களாம், நம்ம பேரை யாரும் கேக்கவே இல்லையாம். போலீசுல எழுதிக் கொடுக்கவும் கூட வந்தான். திரும்புறப்ப ஜீப்புல எனக்குத்தான் மொத எடம் புடிச்சுக் குடுத்தான், நாலு திட்டு திட்டியிருந்தாத் தேவலை. இது நடந்து பதினோரு நாளாச்சு, நீ மூணு தடவை பேசுன, நான் மழையைப் பத்தியே சொல்லிக்கிட்டிருந்தேன்.

தையில புவனாவுக்குக் கல்யாணம். பங்காளிகள்ல மூத்த வீடான நம்ம வீட்டுக்கு மொத பத்திரிக்கை வச்சுட்டுத்தான் நம்மள்ல ஊருக்கு வைப்பாங்க. திருடன்னு சொன்ன வீட்டு வாசல்ல அவன் எப்படி வந்து நிப்பான்? அடிச்ச பத்திரிக்கை கட்டுப் பிரிக்காமக் கெடக்குதாம். கேட்டு வாங்குற வழக்கம் நம்ம பக்கம் கெடையாது. நாளைக்கு வெள்ளனே அவன் வீட்டுக்குப் போயி வாசல்லயே பத்திரிக்கையைக் கேக்கப் போறேன், நாலு பேரு பாக்கட்டும். குடுப்பானான்னு தெரியலை.

நீயும் இது கைக்கு வந்ததும் அவங்கிட்ட பேசு, எங்கம்மா சொன்னது பொய்ன்னு அந்த வார்த்தையையே சொல்லு, எனக்காக மழுப்பாதே. அங்க ஒனக்கு எந்த நோட்டீஸ் வந்தாலும் வக்கீலைக் கேக்காம ஒத்தைக் காசு கட்டாதே. நீங்க மூணு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கணும். கல்யாணத்துக்கு லீவு சொல்லி வையி, பத்திரிக்கை வரலைன்னாலும் வந்துரு சாமி.

இப்படிக்கு,
ஒன்னைப் பொய்யைச் சொமக்க வச்ச அம்மா
கந்தம்மாள்