எச்சிலில் இல்லாத சர்க்கரை

மிர்பூர், டாக்கா
12 பிப்ரவரி 2017

திதிரின் அப்பாவுக்கு,

ஸலாம். போனில் பேசினால் ‘சரி, சரி’ என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். போலாத் தீவில் சிக்னல் இல்லை என்று ஒரு சாக்கு வேறு. அதனால்தான் காகிதம்.

திதிர் தேறிவிட்டாள். பேதி நின்று நேற்று ஒரு கிண்ணம் பருப்புக் கிச்சுரி குழைத்துக் கொடுத்ததைத் தின்றாள். ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தும் ஏன் வந்தது என்று கேட்டீர்கள். சொட்டு மருந்து போட்டாலும் சில குழந்தைகளுக்கு வரத்தான் செய்கிறது. எங்கள் ஆய்வகமே இதன் பின்னால்தான் அலைகிறது. ரோட்டா வைரஸுக்கு மேலெல்லாம் முட்கள். நம் குடலில் சோறு செரிக்க ஊறும் நீரே அந்த முள்ளை வெட்டிப் பதமாக்கிக் கொடுத்துவிடுகிறது. முள்ளின் நுனி, குடல் செல்லின் மேல் இருக்கும் ஒரு சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். மிச்சப் பாதி சுவரைத் துளைத்து வைரஸை உள்ளே விடும். அந்தச் சர்க்கரை எல்லாருக்கும் இருக்காது. இருந்தால் எச்சிலிலும் தெரியும். இல்லாதவர்களை இந்த வகை வைரஸ் பெரும்பாலும் சீண்டாது.

ஊருக்கு லாஞ்ச் படகு ஏறும் அவசரத்தில் சோதனைக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தீர்களே, அதையும் சோதித்தேன். உங்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை. உங்கள் செல்ல மகளுக்கு மட்டும் ஏராளம். யாரிடம் வாங்கி வந்தாளோ கழுதை.

எங்கள் ஆய்வக டாக்டர் ஷஹரியார், திதிரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மூன்று நாளும் வார்டுக்கு வந்து அவளைப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். எருமைத் தயிர் அனுப்புவதாகச் சொன்னது என்னவாயிற்று?

உங்கள்
ருமானா

போலா
19 பிப்ரவரி

ருமானாவுக்கு,

தயிர் லாஞ்சில் வருகிறது. உன் கடிதத்தை நாலு முறை படித்தேன்.

பத்து வருடமாகக் கல்லூரியில் மரபியல் நடத்துகிறேன். அந்தச் சர்க்கரை அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வர வேண்டும். இரண்டு பேரிடமும் இல்லாதது குழந்தைக்கு வராது. தேர்வில் இதைத் தப்பாக எழுதினால் நான் பூஜ்யம் போடுவேன்.

நான் எதுவும் சொல்லவில்லை, கேட்கிறேன். அவள் பிறப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் நான் ராஜ்ஷாஹியில் பயிற்சியில் இருந்தேன். மாதம் ஒருமுறைதான் வந்துபோனேன். ஷஹரியார் அப்போது உங்கள் ஆய்வகத்தில் இருந்தாரா? மூன்று நாளும் வார்டில் வந்து நிற்க அவருக்கு வேறு வேலை இல்லையா?

மொஸ்தாக்

மிர்பூர்
26 பிப்ரவரி

திதிரின் அப்பாவுக்கு,

தயிர் வந்தது. திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் அக்கா கோஹினூர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். திதிரை மடியில் போட்டுக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன அக்கா என்றேன். “ஒண்ணுமில்லடி. நம்ம வீட்டுக் காதெல்லாம் ஒட்டுனாப்புல இருக்கும். இது தொங்குதே, அதான் பாத்தேன்” என்றார். அப்படியானால் என் பதில் வருவதற்கு முன்பே அவருக்குச் சொல்லியாகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஷஹரியார் இங்கே சேர்ந்தது போன மே மாதம். அன்று திதிர் தவழ்ந்துகொண்டிருந்தாள். போதுமா?

சர்க்கரை விஷயத்தில் தப்பு என்னுடையது. எச்சிலை எடுத்ததும் பத்து நிமிடம் கொதிநீரில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் உள்ள கிருமிகளே சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். என்னுடையதும் திதிருடையதும் ஆய்வகத்தில் எடுத்தவை, உடனே கொதிக்க வைத்தேன். உங்களுடையது வியாழன் மாலையிலிருந்து, வெள்ளி சனி விடுமுறை போய், ஞாயிறுவரை என் கைப்பையில் கிடந்தது. அதை அப்படியே சோதித்து, வேடிக்கையாக உங்களுக்கு எழுதியும் தொலைத்தேன். அடுத்த முறை வரும்போது ஆய்வகத்திலேயே துப்புங்கள், பார்த்துவிடலாம்.

ருமானா

போலா
12 மார்ச்

ருமானாவுக்கு,

உன் விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அவ்வளவு பொருத்தமாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் நானே துப்பி, நானே கொதிக்க வைத்து, மூடியில் அரக்கு வைத்து அனுப்பியிருக்கிறேன். பெயர் கிடையாது, 41 என்ற எண் மட்டும். நீ தொடாதே. ஷஹரியாரும் தொட வேண்டாம். வேறு யாராவது சோதிக்கட்டும்.

முடிவு வரும்வரை திதிரிடம் போனில் பேசுவதை நிறுத்திவைத்திருக்கிறேன். நாளை ஏதாவது ஆகிவிட்டால் பழகிய பாசம் கஷ்டமாகிவிடும். நீ புரிந்துகொள்வாய்.

டாக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஏப்ரலில் சேர வேண்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் ஒரே வீட்டில் இருக்கலாம்.

மொஸ்தாக்

மிர்பூர்
29 மார்ச்

மொஸ்தாக் அவர்களுக்கு,

அரக்கு உடையாமல் குழாய் வந்து சேர்ந்தது. வேறு பிரிவில் இருக்கும் ஒரு பெண்மணி சோதித்தார். 41 யாருடையது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு முறை பார்த்தார், இரண்டு முறையும் நல்ல மஞ்சள் நிறம். உங்கள் எச்சிலில் அந்தச் சர்க்கரை இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட காகிதம் இதனுடன் இருக்கிறது. அக்காவிடமும் காட்டுங்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் எத்தனை நாளைக்கு? இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சர்க்கரை உண்டு. அது இருப்பதால் மட்டும் நீங்கள்தான் அப்பா என்று ஆகிவிடாது. மரபியல் நடத்துகிறவருக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒருநாள் வகுப்பு நடத்தும்போது அது உங்களுக்கு உறைக்கும். அப்போது இன்னொரு குழாயை நீட்டுவீர்கள். அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க விரும்பவில்லை.

பதினெட்டு மாதக் குழந்தை. இரண்டு வாரமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்பா, அப்பா என்று பேசிப் பார்க்கிறாள். பதில் வராவிட்டால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறாள். நான் என்ன சொல்ல? முடிவு இன்னும் வரவில்லை என்றா?

ஏப்ரலில் வரும்போது வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் திதிரை அழைத்து வருகிறேன். அவள் உங்கள் மகள். அதற்கு நான் சொல்வது போதும் என்றால் வந்து பாருங்கள். போதாது என்றால், வெள்ளிக்கிழமையும் வேண்டாம்.

ருமானா