பெருநாள் தாம்பாளத்தில் ஓர் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு, மொம்பாசாவிலிருந்து உங்கள் கைகளை முத்தமிட்டு அத்மான் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் வாங்கி வருகிறேன்.

ஆமாம், வருகிறேன். போதை ஊசியை விடத் தருகிற மெதடோன் மருந்தைத் தினமும் சிகிச்சை மையத்தில்தான் குடிக்க வேண்டும் என்பதால் இத்தனை நாள் வர முடியவில்லை. இப்போது என்னை நம்பி, பெருநாள் விடுமுறைக்கான மருந்தைக் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். ஈரல் தொற்றுக்கான மாத்திரைகளையும் சாப்பிட்டு முடித்துவிட்டேன். என் ரத்தத்தில் இப்போது கிருமி இல்லை.

அங்கே காலையில் மருந்து குடித்தவர்களுக்கு நான்தான் ஈரல் தொற்றைப் பற்றிச் சொல்லித்தருகிறேன். "ஹெபடைடிஸ் சி ரத்தத்துலதான் பரவும். ஒருத்தர் ஊசிய இன்னொருத்தர் தொடாதீங்க. ஒண்ணா சாப்பிட்டா ஒட்டாது. எல்லாரும் டெஸ்ட் எடுங்க" என்றேன் நேற்று.

மீன்பிடிக்கிற ஷேபுவானா சிரித்தான். "டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா வீட்ல தனித்தட்டுதான் வாத்தியாரே. உங்க வீட்ல எப்படி?"

"எனக்கும் தனித்தட்டுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"அப்போ பெருநாளுக்கு உங்கம்மாவோட ஒரே தாம்பாளத்துல சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் நான் டெஸ்டுக்கு விரல நீட்டறேன்."

கிருமி இருந்தபோதும் எனக்கென்று ஒதுக்கிய அந்தப் பச்சைத் தட்டு தேவைப்பட்டதில்லை, அம்மா. பயத்தில் செய்தீர்கள், எனக்குக் கோபமில்லை. இங்கேயும் தனியாகத்தானே சாப்பிடுகிறேன். தேங்காய்ச் சோறு கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். பேருந்துக்காரர் கடிதத்துக்காக நிற்கிறார்.

அந்தப் பச்சைத் தட்டில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

உங்கள் அத்மான்