முப்பது பெட்டியும் ஐம்பது குச்சியும்

ஆகஸ்ட் 4, திங்கள்
முதலாமாண்டு புள்ளியியல். ஐம்பத்தெட்டுப் பேர். கௌரவ விரிவுரையாளராக ஒன்பதாவது வருடம் இதே சராசரி, இதே திட்ட விலக்கம். "கூட்டி வகுத்தா சராசரி வந்துருதுல்லா மேடம், பெறகு விலக்கம் எதுக்கு?" என்றான் காளிராஜ். அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று ஆளுக்கு முப்பது தீப்பெட்டி பிரித்துக் குச்சிகளை எண்ணி வரச் சொல்லிவிட்டேன். கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம்.

ஆகஸ்ட் 11, திங்கள்
திருத்தினேன். 47, 51, 49 என்று எல்லோருக்கும் முன்னே பின்னே வந்திருக்கிறது. எட்டயபுரத்திலிருந்து வரும் செல்வமாரிக்கு மட்டும் முப்பதிலும் ஐம்பது. விலக்கம் பூஜ்யம். எண்ணாமலே எழுதினால் இப்படித்தான் வரும். மதிப்பெண்ணும் பூஜ்யம் போட்டேன். வகுப்பில் எழுப்பிக் கேட்டேன்.
"எண்ணினேன் மேடம்."
"முப்பதும் அம்பதா?"
"ஆமா மேடம்."
வகுப்பே சிரித்தது. நானும்.

ஆகஸ்ட் 13, புதன்
செல்வமாரி இன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
அவள் அம்மா சொர்ணத்தாய் வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறவர். அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"அவ பொய் சொல்லல மேடம். பெட்டி நான் கொண்டுவந்து குடுத்தது. குடுக்கதுக்கு முந்தி பிரிச்சுப் பாத்தேன். சிலதுல ரெண்டு மூணு கொறஞ்சு கெடந்துது, சிலதுல கூடக் கெடந்துது. காலேஜுல பாக்கப் போறாவன்னு எல்லாத்துலயும் அம்பது வச்சுக் குடுத்தேன். நான் அடைச்ச பெட்டில்லா."
மகளுக்கு இது தெரியாதாம். நேற்றுதான் சொன்னாராம்.
"படிப்பு வேண்டாம், ஒங்கூட வேலைக்கு வாரேன்னு நிக்கா மேடம்."
ச்சே. அந்தப் பிள்ள எண்ணித்தான இருக்கு. பெட்டி எங்கேருந்து வந்துதுன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? வகுப்புல அதத்தான முதல்ல சொல்லிக் குடுக்கேன். எல்லார் கூடவும் சேந்து சிரிச்சேனே—
"நாளைக்கே அனுப்புங்கம்மா. நான் பேசுதேன்" என்றேன். போய்விட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்
வரவில்லை. பூஜ்யத்தை அடித்து முழு மதிப்பெண் போட்டுத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். "உங்க தப்புன்னு எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்
வந்துவிட்டாள். கடைசி பெஞ்சு. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். தலை குனிந்தபடி "பரவால்ல மேடம்" என்றாள். அடுத்த பயிற்சி: காலையில் வரும் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று இருபது நாள் குறிக்க வேண்டும். களைப்பாக இருந்தாலும் மனது கொஞ்சம் லேசானது.

செப்டம்பர் 26, வெள்ளி
நோட்டுகள் வந்தன. செல்வமாரியுடையது சுத்தமான வேலை. 4, 11, 0, 7 என்று இருபது எண்கள், விலக்கமும் சரி. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அன்றைய கண்டக்டரின் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். இருபது கையெழுத்து. நான் கேட்கவே இல்லை.