இடப்பக்கம் சுருண்ட பூ

இன்று காலை சூப்பர்வைசர் என் மேசையில் ஒரு பாலிதீன் கவரை வைத்துவிட்டுப் போனார். உள்ளே கைக்குழந்தைக்கான வெள்ளைக் கவுன். அதன் நெஞ்சில் பட்டு ரிப்பனில் தைத்த சிவப்புக் கிறிஸ்துமஸ் பூ. இதழ்கள் எல்லாம் இடப்பக்கம் சுருண்டிருந்தன. யார் தைத்தது என்று டேக்கைப் பார்க்க எனக்குத் தேவைப்படவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கண்ணு. பற்றிக்கொண்டு வந்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நீ எங்கள் முதலிபாளையம் தையல் கம்பெனிக்கு வேலைக்கு வந்த அன்றே கவனித்தேன், நீ இடக்கைக்காரி. "நொட்டாங்கைல தைக்கறயே கண்ணு" என்றேன். "எந்தக் கையா இருந்தா என்னக்கா, பூ பூவாத்தான இருக்கும்" என்றாய்.

ஆடிக் காற்றில் கிறிஸ்துமஸ் பூ தைப்பதுதான் நம் பிழைப்பு. டிசம்பரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் போட வேண்டுமென்றால் நாம் இப்போதே தைத்துக் கப்பலேற்றிவிட வேண்டும். "எங்க ஊர்ல வாசல்ல காகித நட்சத்திரந்தாங்க்கா கட்டுவோம். இந்தப் பூவ இங்க கம்பெனியிலதான் மொதமொத பாத்தேன்" என்று சொல்லிச் சிரிப்பாய். வீட்டை நான் ஊடு என்று சொன்னால் "ஊடா" என்று இழுத்துக் காட்டுவாய்.

ரிப்பனைத் துணிமேல் படுக்கவைத்து, அதன் நுனியிலேயே ஊசியைக் குத்தி அடியில் மெல்ல இழுக்க வேண்டும். அளவாக இழுத்தால் நுனி சுருண்டு இதழாகும். கொஞ்சம் கூடினால் இதழே உள்ளே போய்விடும். எங்கள் கைக்கு இதழ் வலப்பக்கம் சுருளும், உன் கைக்கு இடப்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சாம்பிளை நீ தைத்தாய். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் அதைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். பிறகு ஆர்டர் வந்து நாங்கள் எல்லோரும் தைத்துக் குவித்தோம். செக்கிங்கில் உன் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கள் பூக்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறதாம்.

"பையர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எந்தப் பக்கம் திரும்புனா அவங்களுக்கு என்னங்க" என்றேன் சூப்பர்வைசரிடம்.

"கேட்டா நம்ம தப்புன்னு ஆயிருமுங்க. சாம்பிள் எப்படியோ அப்படியே போகட்டும்" என்றவர், உன் பக்கம் திரும்பினார். "நீங்களே எல்லாத்தையும் போட்டுக் குடுத்துருங்க அம்மிணி."

எங்கள் ஊர் மரியாதை அது. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ங்க போட்டுத்தான் அறுப்பார்கள். நான் இந்த ஊர்க்காரி, எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

அந்த வாரம் உனக்குக் காய்ச்சல். தொட்டால் அனலாக அடித்தது. ரிப்பனில் வியர்வைக் கறை படக் கூடாது என்று உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்துத் தைத்தாய். "ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி" என்று ஊசியைப் பிடுங்கினேன். "லோடு போயிரட்டும்க்கா. நான் எந்திரிச்சா இத யாரு போடுவா? சண்ட போடாதீங்க, எல்லாருக்கும் வேல போயிரும்" என்று என் கையைப் பிடித்து ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாய்.

லோடு போனது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். பூத் தைத்துக்கொண்டிருந்தோம் என்று எந்த வாயால் சொல்வது?

உன் உடலை ஊருக்கு ஏற்றிய வண்டியின் பின்னால் சூப்பர்வைசர் கைகட்டி நின்றார். "நல்ல கைங்க" என்றார். கையாம். முழுசாக ஒரு மனுஷி போய்விட்டாள், அவருக்குக் கைதான் தெரிந்தது.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று பயந்தாயே, ஒருத்திக்கும் போகவில்லை. நீதான் போனாய். ஒரே ஒரு தடவை முடியாது என்று சொல்லியிருக்கலாம். செத்தவளைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். இருந்தபோது திட்ட விட்டாயா நீ?

இன்று அதே பூவுக்கு மறுபடி ஆர்டர். "இதே மாதிரி வேணுமுங்க. நொட்டாங்கை ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க, சேத்திக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். நான் கவரைத் தள்ளிவைத்துவிட்டு, என் கைக்கு வருகிற மாதிரி வலப்பக்கம் சுருளும் ஒரு பூவைத் தைத்து அவர் முன்னால் போட்டேன்.

"ரெண்டையும் போட்டோ எடுத்து பையருக்கு அனுப்பிக் கேளுங்க. அதுவரைக்கும் இங்க ஒருத்தரும் ஊசி எடுக்க மாட்டோமுங்க."

மற்ற பெண்களும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அனுப்பினார்.

மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதே பதில் வந்துவிட்டது. எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி போனை நீட்டிக் காட்டினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சரியாம்.

டப்பாவை மூடிவிட்டேன். உன் பூவைக் கவரோடு என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கம்பெனிச் சொத்து, நாளைக்குக் கேட்பார்கள். கேட்கட்டும். சண்டை போடாதீங்க என்று என் கையைப் பிடிக்க இப்போது அங்கே யாரும் இல்லை.