ஜெயிக்கக் கூடாத எஞ்சின்

மேரிவில், மிசௌரி
10 ஏப்ரல் 1989

அன்புள்ள அண்ணி,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. அண்ணன் போய் ஒன்பது வாரம்தான் ஆகிறது. போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பட்டறை மேசையில் அண்ணன் என் பந்தயக் காருக்காக வாங்கிய சிலிண்டர் ஹெட் இரண்டு இருக்கின்றன, எஞ்சினின் இரண்டு பக்கமும் மேலே மூடிபோலப் பூட்டுகிறவை. வெளிக் கம்பெனி வார்ப்பு, புதுசு. ஒன்றில் காற்றும் பெட்ரோலும் போகிற துளைகளையெல்லாம் கையாலேயே தேய்த்து முடித்துவிட்டார். இன்னொன்று பெட்டியில் வந்தபடி சொரசொரவென்று கிடக்கிறது. மே மாதம் பந்தயம் தொடங்குகிறது. நீங்கள் சம்மதித்தால் அதை நானே தேய்த்துப் பூட்டிக்கொள்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
லைல்

ஆசியோலா, அயோவா
15 ஏப்ரல் 1989

லைலுக்கு,

நான் எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அந்த இரண்டாவது ஹெட்டைத் தொடக் கூடாது. நீ ஓட்டுகிற பிரிவில் விதி என்ன? ஜெயித்தவன் எஞ்சினைக் கூட ஓடிய எவனும் குறித்த விலையைக் கட்டி அங்கேயே கழற்றி எடுத்துப் போகலாம். பணக்காரன் விலை கூடின எஞ்சின் போடக் கூடாது என்று வைத்த விதி. சரிதான். ஆனால் இரண்டையும் தேய்த்தால் நீ ஜெயிப்பாய். ஜெயித்தால் உன்னோடு ஓடுகிற அந்த வென்டல் கிராஸ் முதல் ஆளாக வந்து நிற்பான். உன் அண்ணன் கடைசியாகக் கை வைத்த இரும்பு அவன் லாரியில் ஏறிப் போகும்.

இன்னொன்று, யாருக்கும் தெரியாதது. இருபத்தாறு வருஷம் இரும்பு தேய்க்கிற கிரைண்டரைப் பிடித்து அவர் விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. ஊசி குத்தினாலும் தெரியாது. பட்டறையிலிருந்து கூப்பிடுவார், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போவேன். "வான்டா, விரலை விட்டுப் பாரு. எங்க தட்டுது?" என்பார். நான் சொன்ன இடத்தில் தேய்ப்பார். பெட்ரோல் போகிற துளையைக் கண்ணாடி மாதிரி ஆக்கினால் பெட்ரோல் வழுக்கித் தேங்கும். பூனை நாக்கு மாதிரி இருக்க வேண்டும். அது என் விரலுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது.

ஹெட்டை எடுத்துப் போ. இரண்டாவதை இருக்கிறபடியே பூட்டு. மூன்றாவதாக வா, நான்காவதாக வா. ஜெயிக்காதே.

வான்டா

மேரிவில்
19 ஏப்ரல் 1989

அண்ணி,

நீங்கள் சொன்னபடி பூட்டினால் ஒரு பக்கம் நாலு சிலிண்டர் நன்றாக மூச்சு விடும், மறுபக்கம் நாலு திணறும். அண்ணன் இருந்தால், "ஏன்டா, ஒத்தைக் கால்ல பூட்ஸ் மாட்டிக்கிட்டா ஓடப் போற?" என்று ஸ்பானரை எறிந்திருப்பார்.

ஓட்டுகிறவனிடம் ஜெயிக்காதே என்று சொல்லலாமா? அவர் பாதியில் விட்டதைத் துணி போட்டு மூடி வைப்பதுதான் மரியாதையா? எனக்குக் கிரைண்டர் பிடிக்கத் தெரியும், உங்களுக்கு விரல் தெரியும். சனிக்கிழமை வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

லைல்

ஆசியோலா
8 மே 1989

லைலுக்கு,

மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. முதல் நாள் உன்னை நிறையத் திட்டினேன். இரண்டாவது துளையில் இன்னும் ஒரு தேய்ப்பு தேய்த்திருந்தால் சுவர் ஓட்டையாகி, எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் உள்ளே வந்திருக்கும். கடைசி நாள் நான் நிறுத்து என்று சொல்வதற்கு முன்னாலேயே நீ நிறுத்தினாய்.

நீ கை கழுவப் போனபோது இரண்டு ஹெட்டிலும் மாற்றி மாற்றி விரல் விட்டுப் பார்த்தேன். கண்ணை மூடினால் எது அவர், எது நாம் என்று தெரியவில்லை. அதற்கு உன்னைப் பாராட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

அடுப்படியில் நின்று என்ன சொன்னாய்? "ரெண்டாவதுக்கு மேல போக மாட்டேன் அண்ணி." அது வாக்கு. அந்த டிராக் பக்கம் இனி நான் வர மாட்டேன். பார்க்கிறேனா இல்லையா என்று நினைத்து வாக்குத் தவறாதே.

வான்டா

மேரிவில்
10 ஜூலை 1989

அன்புள்ள அண்ணி,

வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஜெயித்துவிட்டேன்.

எட்டுப் பந்தயம் இரண்டாவதாகவே வந்தேன். பின்னால் நின்று சிரித்தார்கள், பொறுத்துக்கொண்டேன். அன்று கடைசிச் சுற்றில் முன்னால் போனவன் வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கித் திரும்பினான், உள்பக்கம் வழி திறந்தது. கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் கிராஸ் வந்து நின்றான். எஞ்சினைத் தர மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஜெயித்தது செல்லாது, இந்த வருஷம் முழுக்க ஓடவும் முடியாது. ஓடாமல் இருந்துவிடுவேன் அண்ணி, அது பெரிதில்லை. ஆனால் அண்ணன் எஞ்சின் ஜெயிக்கவே இல்லை என்று எழுதிவிடுவார்களே, அதற்குத்தான் மனசு வரவில்லை. எடுத்துக்கொள் என்று அவனுக்குக் கை கொடுத்துவிட்டேன். அவன் கழற்றும்போது நான் அங்கே நிற்கவில்லை.

திட்டுவதானால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வாக்குத் தவறிய
லைல்

ஆசியோலா
2 ஆகஸ்ட் 1989

அன்புள்ள லைலுக்கு,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும், இனி என் வாசல்படி மிதிக்காதே என்றுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் உறையை ஒட்டப் போகும்போது ஒரு விஷயம் கையைப் பிடித்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். ஜூன் மாதத்திலிருந்தே வந்துகொண்டிருந்தேன். கடைசி வரிசை, தலையில் துணி, கறுப்புக் கண்ணாடி. அந்த எஞ்சின் சத்தம் கேட்கத்தான் வந்தேன். நீ இரண்டாவதாக வரும்போதெல்லாம் நிம்மதி என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

அன்று உள்பக்கம் வழி திறந்தது எனக்கும் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயசுக்காரி பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். "விடாதடா லைல், போ, போ" என்று கத்தினேன். விழுந்துவிடுவேன் என்று பக்கத்துப் பெண் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கிராஸ் உன்னைப் பார்த்து நடந்து வந்தபோதுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது.

உனக்குக் கேட்டிருக்காது. ஆனால் கத்தியவள் நான். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

அது போனது போனதுதான். நெஞ்சு இன்னும் எரிகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. கிராஸ் பேச்சு வேண்டாம். அந்தக் கடைசித் திருப்பத்தை மட்டும் எனக்கு மெதுவாகச் சொல். வழி திறந்ததுவரை பார்த்தேன், அதற்கப்புறம் ஒரே தூசி.

உன் அண்ணி
வான்டா